பதினைந்து வயதில் மாநிலத் தலைவர் ஆவது எப்படி?

வாழ்த்துகள், தலைவரே! டெக்சாஸ் மாநில ஜனநாயகக் கட்சியின் உயர்நிலைப் பள்ளி மாணவர் பிரிவுக்குத் தலைவராவது என்று தீர்மானித்துவிட்டீர்கள். 1994-க்குப் பிறகு, 2024 தேர்தல் வரைக்கும் பார்த்தாயிற்று, உங்கள் கட்சிக்காரர் ஒருவர்கூட அங்கே மாநில அளவிலான பதவி எதையும் பிடிக்கவில்லை. டெக்சாஸ் முழுமைக்கும் நின்று ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர் நிச்சயமாக ஜெயிக்கக்கூடிய தேர்தல் இது ஒன்றுதான். எதிர்த்து நிற்பவரும் உங்கள் கட்சியாயிற்றே!

ஓட்டுப் போட 18 வயதாக வேண்டும். கவர்னருக்கு நிற்க 30. உங்களுக்கு 15, கூட்டத்துக்கு அம்மாதான் காரில் கொண்டுவந்து விடுகிறார். அதனால் என்ன? கீழே உள்ளபடி செய்யுங்கள். பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பீர்கள்.

1. முதலில் விண்ணப்பப் படிவத்தைத் திறங்கள். கட்சிப் படிவத்தை அல்ல, கல்லூரிப் படிவத்தை. 'காமன் ஆப்' என்கிற அந்தப் பொது விண்ணப்பத்தில், படிப்பைத் தவிர வேறென்ன கிழித்தீர்கள் என்று சொல்லப் பத்து இடம் உண்டு. பதவிக்கு 50 எழுத்து, செய்த வேலைக்கு 150 எழுத்து. உங்கள் இயக்கத்தின் கொள்கை, போராட்டம், தியாகம் எல்லாம் அந்த 150-க்குள் முடிய வேண்டும். அதில் இடம்பிடிக்காத வேலை எதையும் தொடாதீர்கள்.

2. பதவிகளை உண்டாக்குங்கள், உறுப்பினர்களை அப்புறம் தேடிக்கொள்ளலாம். நம்மூர் மாவட்டம் மாதிரி டெக்சாஸில் கவுண்டிகள், மொத்தம் 254. எனவே 254 ஒருங்கிணைப்பாளர்கள். லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் 64 பேர். உயர்நிலைப் பள்ளியே அங்கே கிடையாது, இருக்கும் நாலு பிள்ளைகளும் பக்கத்துக் கவுண்டியில் உள்ள விங்க் என்ற ஊருக்குப் போய்ப் படிக்கிறார்கள். விட்டுவிடாதீர்கள். ஹூஸ்டன் பையன் ஒருவனை லவிங் கவுண்டி ஒருங்கிணைப்பாளராக நியமியுங்கள். அவன் கோபித்துக்கொண்டால் 'மேற்கு மண்டல மூத்த' என்று முன்னால் சேர்த்துக் கொடுங்கள். குளிர்ந்துவிடுவான்.

3. சாசனம் எழுதுங்கள். நாற்பது பக்கமாவது வர வேண்டும். கூட்டம் நடத்தும் முறைக்கு 'ராபர்ட்ஸ் ரூல்ஸ்' இருக்கிறது, ராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் 1876-இல் போட்ட புத்தகம். 1900-இல் புயல் வந்து கால்வெஸ்டன் நகரத்தை வாரிக்கொண்டு போன பிறகு, அங்கே கடற்சுவர் கட்டத் திட்டம் தந்த மூன்று பொறியாளர்களில் இவரும் ஒருவர். மெக்சிகோ வளைகுடாவைத் தடுத்து நிறுத்தப் பார்த்த மனிதர்; பத்தாம் வகுப்புப் பெண் கொண்டுவரும் ஒரு தீர்மானம் எம்மாத்திரம்? "ஒழுங்குப் பிரச்சினை!" என்று கையைத் தூக்குங்கள். அர்த்தம் தெரியாவிட்டால் இரண்டு முறை தூக்குங்கள்.

4. கூட்டத்தை ஞாயிறு இரவு 8 மணிக்கு ஜூமில் வையுங்கள். எல் பாசோ நகரில் கடிகாரம் டாலஸைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். அதைச் சொல்லவே சொல்லாதீர்கள். எல் பாசோ பிள்ளை தன் ஊர் 8 மணிக்குச் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு உள்ளே வரும்போது இங்கே ஓட்டெடுப்பு முடிந்து, பொருளாளர் கேமராவை அணைக்க மறந்து சீரியல் தின்றுகொண்டிருப்பார். பிள்ளையின் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறியுங்கள். இரண்டாவது தடவையும் அப்படியே நடந்தால் சாசனப்படி நீக்கம்.

5. கண்டன அறிக்கை விடுங்கள். இதுதான் உங்கள் முழுநேரத் தொழில். செவ்வாயன்று கவர்னர் ஏதாவது சொல்வார். அன்றைக்கே கூகுள் டாக் ஒன்றைத் திறந்து பதினோரு பேரை உள்ளே விடுங்கள். 'கண்டிக்கிறோம்' போதுமா, 'வன்மையாக' வேண்டுமா என்று புதன், வியாழன் போகட்டும். வெள்ளிக்கிழமை கணக்குப் பரீட்சை. சனிக்கிழமை கேன்வாவில் நீலப் பின்னணி, ஞாயிறன்று இன்ஸ்டாகிராம். விழும் இருபத்து மூன்று லைக்கில் பத்தொன்பது செயற்குழு, மூன்று செயற்குழுவின் அம்மாக்கள். மீதி ஒன்று யாரென்று துப்பறியத் துணைக்குழு அமையுங்கள்.

6. வேட்பாளர்களுக்கு ஆதரவு அறிவியுங்கள். ஓட்டில்லாதவர்களின் ஆதரவுக்குத் தனி மதிப்பு உண்டு. அவர்கள் பேச்சு மாற மாட்டார்கள், மாற்றிப் போட ஓட்டில்லையே. சட்டமன்ற வேட்பாளருக்குப் பதினான்கு கேள்வி அனுப்புங்கள். அவர் பதில் போடாவிட்டாலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

7. வீடு வீடாகப் பிரசாரம். ஆகஸ்ட், டெக்சாஸ், 40 டிகிரி வெயில். முதல் வீட்டுக் கதவைத் தட்டும்போது படம் எடுத்தாயிற்றா? போதும். மீதித் தெருவை ஒன்பதாம் வகுப்பிடம் கொடுத்துவிட்டு ஏசி காருக்குள் ஏறுங்கள். அம்மாவும் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்.

8. மார்ச்சில் கட்சியை உடையுங்கள். காரணம் தானாகவே வரும். பெரும்பாலும் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு.

9. ஒரு எச்சரிக்கை. தகுதியுள்ள மாணவர்களுக்குப் பள்ளி முதல்வர் வருடத்துக்கு இரண்டு தடவையாவது வாக்காளர் பதிவுப் படிவம் தர வேண்டும் என்று டெக்சாஸ் சட்டத்தில் இருக்கிறது. 17 வயது 10 மாதம் ஆனாலே பெயர் கொடுக்கலாம். உங்கள் பள்ளியில் இதை மறந்திருந்தால் நினைவூட்டிவிடாதீர்கள். நடந்துபோய் முதல்வர் அறைக் கதவைத் தட்டிக் கேட்கும் வேலை அது. அதற்கு அறிக்கையும் கிடையாது, நீலப் பின்னணியும் கிடையாது.

ஆனாலும் மதியச் சாப்பாட்டு வரிசையில் எவனாவது வந்து மாட்டுவான். தட்டில் பீட்சாத் துண்டோடு நின்று, "எனக்கு அடுத்த வாரம் பதினெட்டு. அந்தப் படிவம் எங்கேடா கிடைக்கும்?" என்பான். பதறாதீர்கள். "வாக்காளர் பதிவுக்கென்றே மாநிலத் துணை இயக்குநர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு மெயில் போடு" என்று சொல்லிவிட்டு நகருங்கள். போன செப்டம்பரில் அந்தப் பதவியில் நீங்கள் உட்கார வைத்தது அவனைத்தான்.