தூரத்துப் பாசம்

கிறிஸ்துமஸுக்குக் கலசப்பாக்கம் வருவதை விட்டுவிட்டு, சென்னையிலிருந்தே சிங்கப்பூருக்குப் பறக்கும் பிள்ளைகளை மெச்சத்தான் வேண்டும். கணக்கும் சரிதான். விமானத்தில் நாலு மணி நேரம். ஊருக்கு பஸ்ஸிலும் ஏறக்குறைய அவ்வளவுதான், அதுவும் திருவண்ணாமலை வரை நின்றுகொண்டு. ஆர்ச்சர்ட் ரோட்டில் 1984 முதல் விளக்கு போடுகிறார்கள். நம் திண்ணையில் தொங்குவதோ ஒரே ஒரு காகித நட்சத்திரம், அதிலும் பல்ப் ஃப்யூஸ்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. அம்மா ஆராதனைக்குப் புடவை கட்டுவதற்குள் அங்கே கிறிஸ்து பிறந்து, கேக் வெட்டி, வீடியோ காலும் போட்டாகிவிடும். அச்சு முறுக்கு கூரியரில் போகிறது. பாசத்துக்கு என்ன குறை? இந்த வேகத்தில், செவ்வாய் கிரகத்துக்கே குடிபோகிறவன்தான் தலைமகன் என்று கொண்டாடப்படுவான்.

ஒரு பிள்ளைக்குப் போன வருஷம் மனசு இளகி, "அடுத்த கிறிஸ்துமஸ் நம்ம வீட்லதாம்மா" என்றான்.

அம்மா பதறிவிட்டாள். "முன்னாடியே சொல்லக் கூடாதாப்பா? உன் ரூம்ல தறி போட்டாச்சே. பேசாம சிங்கப்பூருக்கே போயிடு."