தட்டின் விளிம்பு

வீட்டுச் சமையலில் 'பத்து நிமிடப் பலகாரம்' எனப்படுவது, முந்தைய நாள் நண்பகலில் ஊறப்போட்டு, மாலையில் அரைத்து, இரவெல்லாம் புளிக்கவிட்ட மாவைக் காலையில் கல்லில் வார்த்தெடுக்கும் கடைசிப் பத்து நிமிடத்தை மட்டும் கணக்கில் கொள்ளும் பெருந்தன்மையான அளவீடாகும். 4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு உளுந்தும் சிறிது வெந்தயமும் சேர்த்தரைத்த மாவு பொங்கி வர 8 முதல் 12 மணி நேரம் பிடிக்கும். அவ்வேலையைச் செய்து முடிக்கும் லியுகோனோஸ்டாக் முதலிய நுண்ணுயிரிகளின் பங்கைச் சமையல் குறிப்புகள் சொல்வதில்லை, கிரைண்டரைக் கழுவியவரின் பங்கையும் சொல்வதில்லை.

இவ்வாறு 'விரைவாக' உருவான உணவு சந்திக்கும் முதல் தடை குழந்தையின் உதடு. முன்பு தின்றறியாத பண்டத்தைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொள்ளும் இயல்பைப் 'புத்துணவு அச்சம்' எனலாம். 2 வயதுக்கும் 6 வயதுக்கும் இடையில் இது மிகுந்திருக்கும் என்றும், ஒரே காயை 8 முதல் 15 தடவை வரை வற்புறுத்தாமல் முன்வைத்துவந்தால் குழந்தை அதை ஏற்றுக்கொள்ளக்கூடும் என்றும் உணவியலார் கூறுவர். பள்ளி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும் வேளையில் இம்முடிவு சோதிக்கப்பட்டதாகத் தோன்றவில்லை. மூன்றாம் தடவை திரும்பி வந்த புடலங்காய்ப் பொரியலைத் தானே தின்று தீர்க்கும் தாய், நான்காம் தடவைக்கு நூடுல்ஸ் பொட்டலத்தைப் பிரித்துவிடுவதே உலக வழக்கு.

எனினும் குழந்தையின் மறுப்பு பெரும்பாலும் காயின் மீதன்று, அதன் வடிவத்தின் மீதும் பெயரின் மீதுமே என்பதைக் கண்டுகொண்ட வீடுகள் பிழைத்துக்கொள்கின்றன. ஊத்தப்பத்தின் மேல் தூவிய கேரட்டை ஒவ்வொன்றாகக் கிள்ளியெறியும் அதே விரல்கள், அதே மாவில் அதே கேரட்டைத் துருவிக் கலந்து, வெங்காயமும் கடுகும் தாளித்துக் கொட்டி, பணியாரக் கல்லின் குழிகளில் சொட்டுச் சொட்டாக நல்லெண்ணெய் விட்டுச் சுட்டெடுத்தால், ஆறு உருண்டைகளை எடுத்துக்கொண்டு ஏழாவது எங்கே என்று கேட்கும். பாலக்கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, சீரகத்தோடு அரைத்து மாவில் கலந்தால் கிடைப்பது கீரைத் தோசை. அப்பெயரில் அது விலைபோகாது, 'ஹல்க் தோசை' என்றால் தட்டு காலியாகும். 100 கிராமுக்கு ஏறத்தாழ 340 மில்லிகிராம் கால்சியம் கொண்ட கேழ்வரகோ கூழாக வந்தால் விரட்டப்பட்டு, வெல்லமும் தேங்காய்த் துருவலும் கலந்த புட்டாக வந்தால் வரவேற்கப்படுகிறது. ஆனால் வாரத்துக்கு ஒரு கரண்டியாக வெல்லம் ஏறி, மாதக் கடைசியில் அது கேழ்வரகு வாசனையுள்ள வெல்லமாகிவிடும் ஆபத்தும் இம்முறையில் உண்டு.

எந்த மாறுவேடமும் பலிக்காத பண்டம் ஒன்று உண்டென்றால் அது உப்புமா. கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாம் சேர்த்து இருபது நிமிடத்தில் இறக்கிவிடக்கூடிய இச்சத்துள்ள உணவைப் பெயர் மாற்றி 'கிச்சடி' என்று பரிமாறினாலும், மஞ்சள் தூளைத் தாண்டி உண்மையைக் கண்டறியும் ஆற்றல் இரண்டாம் வகுப்பிலேயே வாய்த்துவிடுகிறது. அவ்வயதுக் குழந்தை உப்புமாவை உண்பதில்லை, பகுத்தாய்கிறது: முந்திரி முதலில் வாய்க்குள் போகும், கடலைப்பருப்பு பின்னொரு வேளைக்கென ஓரமாகச் சேமிக்கப்படும், பச்சைமிளகாய் அண்டை நாட்டுக்கு, அதாவது தாத்தாவின் தட்டுக்கு, கடத்தப்படும், கறிவேப்பிலை மட்டும் ஒவ்வொன்றாக வழித்தெடுக்கப்பட்டு, காம்பு வெளியே பார்க்க, தட்டின் விளிம்பில் வரிசையாக ஒட்டப்படும். ரவை ஆறிப்போய்க் கட்டியாகும் வரை நிதானமாக நடக்கும் இப்பணிக்கு வீட்டுப்பாடத்தில் காணாத பொறுமை எங்கிருந்து வருகிறது என்பது ஆய்வுக்குரியது.

கறிவேப்பிலை கண்ணுக்கு நல்லது, முடி வளரும், அதை ஒதுக்கக் கூடாது என்று அவ்வேளையில் விளக்கும் பொறுப்பு வழக்கமாகத் தந்தையைச் சேரும். விளக்கத்தைக் கேட்டுக்கொண்டே குழந்தை தன் விளிம்பில் ஏழு இலைகளை எண்ணி முடித்து, கழுத்தை நீட்டி அப்பாவின் தட்டையும் எண்ணுகிறது: பதினொன்று.