பத்துக்குப் பத்து! (கேள்வி-பதில்)

பேரனுக்குத் தலசீமியா (பரம்பரை ரத்தச்சோகை). முருங்கைக்கீரை கொடுத்தால் ரத்தம் ஊறும் என்கிறேன், மருமகள் தடுக்கிறாள். யார் சொல்வது சரி? (ஒரு பாட்டி, திண்டுக்கல்)

இந்த முறை மருமகள் கட்சிக்கே வெற்றி! பேரன் உடம்பில் இரும்புக்குப் பஞ்சமில்லை. ஏற்றுகிற ஒவ்வொரு யூனிட் ரத்தத்தோடும் 200 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு சேர்ந்து இதயத்திலும் கல்லீரலிலும் தங்கிவிடுகிறது. அதை வெளியேற்றத்தான் தினமும் மாத்திரை. மருத்துவர் சொல்லாமல் இரும்பு டானிக் வேண்டவே வேண்டாம்.

தலசீமியா பிள்ளைக்கு ரத்தம் ஏற்ற எதற்குப் பெரிய ஆஸ்பத்திரி? (ஒரு தந்தை, அரியலூர்)

ஒருநாள் வேலையென்றால் சரி. இது 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, ஆண்டுக்கணக்கில் நடப்பது. வெள்ளணுக்களை வடிகட்டிய ரத்தம் வேண்டும். இரண்டு நர்ஸ்கள் பை எண்ணையும் பிள்ளையின் பெயரையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். முதல் 15 நிமிடம் கண் அகலக் கூடாது. சேர்ந்த இரும்பையும் அவ்வப்போது அளக்க வேண்டும்.

தலசீமியாவுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் பொருத்தம் பார்ப்பார்களாமே? (ஒரு ஜோதிட அன்பர், கும்பகோணம்)

பத்துப் பொருத்தமேதான்! ஹெச்.எல்.ஏ. என்ற திசுப் பொருத்தச் சோதனையில் பத்துக்குப் பத்து தேடுவார்கள். உடன்பிறந்தவரோடு பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. பெற்றவர்களோடு பெரும்பாலும் பாதிதான். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் இந்தச் சிகிச்சை நடக்கிறது.

எங்கள் இருவருக்கும் நோயில்லை. பிள்ளைக்கு மட்டும் எப்படித் தலசீமியா? (ஓர் அம்மா, ஈரோடு)

நோயில்லாமலே மரபணுவைச் சுமக்கலாம். இருவரும் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்குச் சலுகை கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே ஹெச்.பி.ஏ-2 ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

ஹீமோபீலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ள பையனுக்குத் தலையில் அடி. முதலில் ஸ்கேனா? (ஓர் ஆசிரியர், தென்காசி)

முதலில் ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் ஊசி, அப்புறம் ஸ்கேன். நாம் வரிசையில் நிற்கலாம், ரத்தம் நிற்காது.

இந்த நோய்களுக்கு அரசுச் சலுகை உண்டா? (ஒரு வாசகி, சேலம்)

தலசீமியா, ஹீமோபீலியா, சிக்கில் செல் மூன்றும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.

இந்தப் பிள்ளைகளுக்காக நான் என்ன செய்யலாம்? (கல்லூரி மாணவன், மதுரை)

18 வயதும் 45 கிலோவும் தாண்டியாயிற்றா? ரத்தம் கொடுங்கள். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். மே மாதம் கல்லூரிகள் பூட்டிக் கிடக்கும், முகாம்கள் குறையும். இந்தப் பிள்ளைகளின் தேவை குறையாது. லீவில் ஊருக்குப் போனதும் முதல் வேலையாகப் பக்கத்து ரத்த வங்கிக்குப் போய் வாருங்கள்.