ரப்பர் கொட்டையும் ஒப்புதல் கடிதமும்

குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டப் பள்ளிகளில் எழுபதுகளில் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் ரப்பர் கொட்டையைப் பற்றிச் சொல்வார்கள். வெயில் ஏறினால் பால்மரக் காய்கள் படீரென்று வெடித்துக் கொட்டைகள் தெறிக்கும். பொறுக்கி வந்ததைச் சிமெண்டுத் தரையில் வேகமாகத் தேய்த்து, முன் பெஞ்சில் இருப்பவன் தொடையில் வைத்தால் அலறிக்கொண்டு எழுவான். உராய்ந்தால் சூடு பிறக்கும் என்பது ஒன்றாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும். அறிவியலில் அதற்கென்று ஒரு பாடம் இருப்பது இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

இலையும் அப்படித்தான். ரப்பர் இலைகளை டின்னில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டு, வாரக்கணக்கில் விட்டுவிடுவோம். நாற்றம் குடலைப் பிடுங்கும். பிறகு எடுத்து அலசினால் சதையெல்லாம் கழன்று நரம்புகள் மட்டும் மிஞ்சும். சாயத்தில் தோய்த்து உலர்த்திப் புத்தகத்தில் வைத்துக்கொள்வோம். ஓர் இலைக்குள் தண்ணீர் எந்தெந்த வழியாகப் போகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான படத்தை நான் எந்தப் பாடநூலிலும் பார்த்ததில்லை.

சனிக்கிழமைகளில் அம்மாவோடு காட்டுக்குப் போவேன். மங்கு துடைப்பதும், வெட்டுக்கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரிப்பதும் என் வேலை. மழைத்தண்ணீர் கலந்தால் பால் வீண், அமோனியா விட்டால் உறையாது, ஸ்டோரில் ஆசிட் விட்டால் உறையும் என்பதெல்லாம் ஏழு வயதில் தெரிந்திருந்தது. உரித்த ஒட்டுப்பாலைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்வோம். கடைப்பந்தைவிட அது உயரமாய் எழும்பும்.

அதைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது விளையாட்டு இல்லை, வேலை. பிள்ளையின் கை உதவினால்தான் அம்மா தன் நிரையை நேரத்துக்கு முடிக்க முடிந்தது. என்னோடு படித்தவர்களில் பலர் ஆறாம் வகுப்போடு நின்று அதே நிரைக்கே போனார்கள். பள்ளியில் ஒரே கூடத்தில் மூன்று வகுப்புகள் நடந்தன. வாய்ப்பாடு ஒப்பிக்கக் கேட்பதற்கே வாத்தியாருக்கு நேரம் சரியாக இருந்தது. பால் ஏன் உறைகிறது என்று எங்களை யாரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்கவில்லை. கைக்கு எல்லாம் கிடைத்தது, அதைக் கேள்வியாக்க ஆள் இல்லை. இன்று பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், நல்ல பாடத்திட்டம் இருக்கிறது. கைக்குத்தான் ஒன்றும் கிடைப்பதில்லை. ஜொகூரின் சின்ன வகுப்புப் பிள்ளைகளை நினைக்கும்போது என் கவலை முழுவதும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது.

அந்தக் காலத்துப் பள்ளிச் சுற்றுலா ஆண்டு முடிவில், பரீட்சை முடிந்த கையோடு வரும். வாடகை பஸ், வாழையிலையில் கட்டிய புளிச்சோறு, நெத்திலி சம்பல். கோத்தா திங்கி நீர்வீழ்ச்சிக்குப் போவோம், அல்லது ஜொகூர் பாருவில் 1928-இல் சுல்தான் இப்ராகிம் அமைத்த விலங்குத் தோட்டத்துக்கு. காசு கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்தால், 1971-இல் திறந்த ஜூரோங் பறவைப் பூங்காவைப் பார்க்கப் பாலம் தாண்டிச் சிங்கப்பூர். 1924-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் அதைக் கடக்கப் பத்திரம் வேண்டும். என் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை. அவள் அப்பாவிடம் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டை. பஸ் புறப்பட்ட காலையில் அவள் லயத்து வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தோட்டத்துப் பிள்ளைகளின் குடியுரிமைச் சிக்கலைப் பற்றி எப்போது பேச்சு வந்தாலும் எனக்கு அவள் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. நாங்கள் பால் வெட்டப் பார்த்த காடுகளில் பாதி செம்பனைக்குப் போனது; நகரத்தை ஒட்டியவை வீடுகளாயின. மவுண்ட் ஆஸ்டின் ஒரு ரப்பர் தோட்டமாக இருந்தது என்று இன்றைய பிள்ளையிடம் சொன்னால், அது பேரங்காடி இருக்கும் இடமாயிற்றே என்று நம்ப மறுக்கும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை இப்போது தாமான் குடியிருப்பிலிருந்து வேனில் வருகிறது. விடியுமுன் ஏறினால் பள்ளி வாசலில்தான் இறங்கும். மண்ணில் கால் வைக்க வழியே இல்லை.

பாடத்திட்டமோ அதே காலத்தில் எங்களுக்குக் கனவிலும் வராத அளவுக்குக் கனிந்திருக்கிறது. 2011-இல் கே.எஸ்.எஸ்.ஆர். என்ற தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டம் வந்தது. 2019 முதல் ஒன்றிலிருந்து மூன்றாம் ஆண்டு வரை பரீட்சை இல்லை, வகுப்பறை மதிப்பீடுதான். 2021-இல் ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வையும் எடுத்துவிட்டார்கள். முதலாம் ஆண்டு அறிவியல் நூலைத் திறந்து பாருங்கள்: காந்தம் எதை ஈர்க்கும், எந்தத் துணி தண்ணீரை உறிஞ்சும், வடிவங்களை அடுக்கி எதைக் கட்டலாம். ஒவ்வொரு பக்கமும் பிள்ளையின் கையைக் கூப்பிடுகிறது. இதை எழுதியவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்வேன். ஆனால் பல இடங்களில் அந்த உறிஞ்சும் பாடம் நாற்பது பிள்ளைக்கு ஒரு வாளி, ஒரு பஞ்சு, அதுவும் ஆசிரியர் கையில் என்று முடிகிறது. மீதி நேரத்தில் பயிற்றியில் கோடிட்ட இடம் நிரப்ப வேண்டும்.

சுற்றுலாவும் அதே கதியில்தான் போகிறது. பெற்றோரின் ஒப்புதல் கடிதம், காப்புறுதி, பஸ், பிள்ளைகளுக்கு ஏற்ற எண்ணிக்கையில் ஆசிரியர்கள் என்று வேண்டியதெல்லாம் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. பெற்ற வயிறு நம்பி அனுப்ப வேண்டுமே. என் மறுப்பு பயண நிரலைப் பற்றியது. பள்ளிகள் பஸ் வாடகைக்கு ஈடுகட்டுவதாக நினைத்து ஒரே நாளில் ஐந்தாறு இடங்களை அடைக்கின்றன. காலையில் ஒரு தொழிற்சாலை, பத்து மணிக்கு ஓர் ஆட்டுப்பண்ணை, சாப்பாடு, அருங்காட்சியகம், கடைசியில் பேரங்காடி. ஆட்டுக்குப் புல் நீட்டிய பிள்ளை, அது மென்று விழுங்குவதைப் பார்க்குமுன் வரிசையில் இழுக்கப்படுகிறது. 2012-இல் இஸ்கண்டார் புத்திரியில் லெகோலேண்ட் திறந்தபின் அதையும் சேர்க்கச் சொல்லிப் பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளைகளுக்கு அது ஆசை, தவறில்லை. ஆனால் அந்த நுழைவுக் காசைக் கட்ட முடியாத வீடுகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கின்றன. அன்று பத்திரம் இல்லாதவள் வீட்டில் நின்றாள். இன்று காசு இல்லாதவன் ‘காய்ச்சல்’ என்று கடிதம் கொண்டுவருகிறான். சுற்றுலாச் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் முழுவதுமாக ஏற்க முடியாவிட்டால் அந்த இடத்துக்குப் போகவே கூடாது என்பது என் கட்சி.

பிள்ளையை வெளியே விடப் பயப்படும் பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். வகுப்பில் இருந்த பிள்ளைகள் மூச்சு முட்டி, வாந்தியெடுத்து மருத்துவமனைக்குப் போனார்கள். 111 பள்ளிகளை மூடினார்கள். அதற்குப் பிறகு எந்தத் தாயிடம் போய், பிள்ளை ஆற்றில் கை நனைக்கட்டும் என்று நான் சொல்வேன்? பாதுகாப்பான தண்ணீரும் மண்ணும் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பாடநூலைப் போலவே அரசாங்கம் தர வேண்டிய ஒன்று.

தமிழ்நாட்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலைப் பற்றி ஆவலோடு படித்தேன். ஆந்திராவின் ரிஷி பள்ளத்தாக்கில் உருவான முறை அது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அட்டைகளை எடுத்துத் தங்கள் வேகத்தில் முன்னேறுவார்கள். அட்டைகளைப் பற்றி ஆயிரம் விவாதம் உண்டு. என்னை ஈர்த்தது ‘தங்கள் வேகத்தில்’ என்பதுதான். தொடுவதற்குப் பொருள் எவ்வளவு முக்கியமோ, தொட்டுக்கொண்டே இருப்பதற்கு நேரமும் அவ்வளவு முக்கியம்.

அந்த நேரத்தைத் தரும் இடங்கள் ஜொகூரில் நிறைய உண்டு. குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். என் சின்னம்மா அங்கே பூவுக்குத் தூள் அடிக்கும் வேலை செய்தார். ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் மனிதர்கள்தான் ஊத வேண்டியிருந்தது. ஏனென்றால் ஆப்பிரிக்காவிலிருந்து மரம் வந்ததே தவிர அதன் பூச்சி வரவில்லை. பூச்சியியல் அறிஞர் ஆர்.ஏ. சையத் கேமரூனில் ஆராய்ந்து கண்டறிந்த எலைடோபியஸ் கேமரூனிகஸ் என்ற சிறு வண்டை 1981-இல் இங்கே கொண்டுவந்து, குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் முதலில் விட்டார்கள். விளைச்சல் கூடியது. சின்னம்மாவின் அந்த வேலை போயிற்று. உலகம் முழுவதும் பேசப்பட்ட இந்த மாற்றம் நம் பிள்ளைகளின் பாட்டிகள் வேலை செய்த நிரைகளில் நடந்தது! மலர்ந்த ஆண்பூக்கதிர் ஒன்றைத் தண்டல் வெட்டித் தந்தால் போதும். முகர்ந்தால் சோம்பு வாசம். வெள்ளைத் தாளில் தட்டினால் சில மில்லிமீட்டர் நீள வண்டுகள் கொட்டும். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அதைக் குனிந்து எண்ணிக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். “டீச்சர், இதுக்குச் சம்பளம் யாரு குடுக்கறா?” என்று ஒருவன் கேட்டான். அவன் பாட்டியும் தூள் அடித்தவர்.

அப்புறம் தஞ்சோங் பியாய், ஆசியப் பெருநிலத்தின் தென்முனை. பொந்தியானிலிருந்து குக்குப் வழியாகப் போகலாம். பாக்காவ் என்ற அலையாத்தி மரங்களுக்கு நடுவே மரப்பலகை நடைபாதை இருக்கிறது. பாக்காவ் விதை மரத்திலிருக்கும்போதே முளைவிட்டு, நீளமாக வளர்ந்து, சேற்றில் விழுந்து நின்றுகொள்ளும். கீழே சேற்றில் துடுப்பையே காலாக்கி நடக்கும் மீன்கள். மூன்றாம் ஆண்டு வகுப்பை அங்கே கூட்டிப்போக ஏற்பாடு செய்தபோது ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். “ஒரே எடத்துக்கா டீச்சர்? அதுக்கா பிள்ளைய நாலு மணிக்கு எழுப்பணும்?”

“ஆமாங்க, ஒரே எடம்தான். தண்ணி ஏறி முடியறவரைக்கும் அங்கேயே இருப்போம்.”

அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

ஆளுக்கொரு கயிறு கொடுத்திருந்தோம். சாணுக்கு ஒரு முடிச்சு, நுனியில் ஒரு கல். நடைபாதையிலிருந்து இறக்கி, அரை மணிக்கொரு தடவை எத்தனை முடிச்சு நனைகிறது என்று எழுத வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அலுத்துக்கொண்டார்கள். பிறகு சேறு மறைந்தது, மீன்கள் வேரில் ஏறின, முடிச்சுகள் ஒவ்வொன்றாக நனையத் தொடங்கின. அதற்குமேல் யாரும் பேரங்காடியைப் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு பெரு மழை. இரண்டு பிள்ளைகள் அதே கயிற்றைப் பள்ளிக் கால்வாயில் இறக்கி அளந்துவிட்டு, நனைந்த தாளோடு சண்டையாக வகுப்புக்குள் வந்தார்கள். ஒருத்தி நான்கு முடிச்சு என்றாள், மற்றவள் ஐந்து என்றாள். கல்லைக் கட்டிய முதல் முடிச்சு பூஜ்யமா, ஒன்றா என்பதுதான் சண்டை. வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அடிக்கோலை எடுத்துவந்து அது எங்கே தொடங்குகிறது என்று பார்த்தார்கள். பின் வரிசைப் பையன் ஒருவன், சாணே ஆளுக்காள் வேறாக இருக்கும்போது முடிச்சை எண்ணி என்ன பயன் என்று கேட்டான். அன்றைய கணிதப் பாடம் முழுவதும் அதிலேயே போனது. அடுத்த பாடத்துக்கு வந்த ஆசிரியரும் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்.