இதுவா, இதுவா?

பிக்சல் தம்பி லேப்டாப்பை மடக்காமல், திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஹாலுக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும். அக்காவுக்குக் குக்கர் விசில் கேட்கும். அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பார். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அத்தைதான். முழங்கால் வலி, சட்டென்று எழுந்து ஓட முடியாது.

"அத்தை, இதுவா… இதுவா?"

திரையில் ஒரு வாள். அகலம் 16 பிக்சல், உயரம் 16 பிக்சல். தம்பி கன்ட்ரோல் இசட் அடிக்கிறார், பிறகு கன்ட்ரோல் ஒய். மறுபடி இசட், மறுபடி ஒய். கண்ணாடிக் கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இது தெளிவா, இது தெளிவா" என்பார்களே, அதே குரல், அதே அவசரம். கைப்பிடி ஓரத்தில் ஏதோ ஒரு கட்டம் கண் சிமிட்டுகிறது. "ரெண்டும் நல்லாத்தாம்ப்பா இருக்கு" என்ற பதில் செல்லாது. "ரெண்டாவது" என்றால் ஏன் என்று கேட்பார். "மொதல்ல காட்டினது" என்றால் முகம் வாடிவிடும். மாலை முழுக்கப் போனது இரண்டாவதற்குத்தானே!

ஒருமுறை அத்தை துணிந்து, "இதான் பளிச்சுனு இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

"நான் இன்னும் எதையும் மாத்தவே இல்லையே அத்தை."

மென்பொருள் மாற்றுவது தனிக் கதை. ஃபோட்டோஷாப்பில் தொடங்கி, ஜிம்ப்புக்குத் தாவி, இப்போது ஏஸ்பிரைட்டில் குடியிருக்கிறார். ஆரம்பத்தில் பென்சிலுக்குப் பதில் பிரஷ்ஷை எடுத்து வரைந்ததில் வாளின் ஓரமெல்லாம் பாதி நிறமாகக் கசிந்தது. படத்தைப் பெரிதாக்கினால் மொத்தமும் மங்கியது. பெரிதாக்கும்போது மென்பொருள் பக்கத்துப் பக்கத்து நிறங்களைக் கலந்து இடைவெளியை நிரப்பிவிடும். ஃபோட்டோஷாப்பில் 'நியரஸ்ட் நெய்பர்', ஜிம்ப்பில் 'நன்' என்று தேர்ந்தெடுத்தால்தான் கட்டம் கட்டமாகவே வளரும். இதைத் தம்பி கண்டுபிடித்த அன்று வீட்டில் பாயசம் வைக்காததுதான் குறை.

ஒரு கட்டத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்டால் சரித்திரம் வரும். 1981-ல் டாங்கி காங் விளையாட்டுக்காக ஷிகெரு மியாமோட்டோ வரைந்த ஆள்தான் பின்னாளில் மாரியோ. இருந்த சொற்பக் கட்டங்களில் வாய் வரைய வழியில்லை, மீசை வைத்தார். தலைமுடி படியவில்லை, தொப்பி போட்டார். கை ஆடுவது தெரிய வேண்டுமே என்று வேறு நிறத்தில் ஓவரால் மாட்டிவிட்டார். 1984-ல் வந்த மேக்கின்டாஷ் கணினிக்கான ஐகான்களை சூசன் கேர் முதலில் வரைந்து பார்த்தது கிராஃப் தாளில்; ஒவ்வொன்றும் 32-க்கு 32. தம்பி சொல்வதெல்லாம் உண்மை என்பதுதான் இதில் சங்கடம்.

16-க்கு 16 என்றால் மொத்தமே 256 கட்டங்கள். ஒன்று இடம் மாறினால் வாள்முனை மழுங்கும். வளைவில் 3, 2, 1 என்று குறைய வேண்டிய படிகள் 3, 1, 2 என்று போனால் கோடு கண்ணை உறுத்தும். அவர் காட்டுகிற கட்டத்தைப் பொறுமையாகப் பார்த்தால் நமக்கும் அந்த உறுத்தல் தெரியத் தொடங்கிவிடுகிறது. அத்தை இப்போதெல்லாம் டிவி சீரியலை விட்டுவிட்டு, மூலையில் இருக்கிற சேனல் லோகோவைப் பார்த்து "ஓரம் சரியில்லை" என்கிறார். முதல்முறை அப்படிச் சொன்ன அன்று தம்பி முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தவர்களுக்கு அவர்மேல் கோபம் வராது.

ஆனால் ஒரு கேள்வியை எத்தனை நாள்தான் ஒத்திப்போடுவது? அந்த வாள் எந்த விளையாட்டுக்கு?

ஸ்டார்டியூ வேலி விளையாட்டைத் தனி ஆளாக உருவாக்கிய எரிக் பரோன் நான்கு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார், படங்களைத் திரும்பத் திரும்ப வரைந்தார் என்று தம்பி மேற்கோள் காட்டுவார். அந்த மனிதர் 2016-ல் அதை வெளியிட்டார் என்கிற மீதிப் பாதி மட்டும் அவர் வாயில் வராது. செலஸ்ட் விளையாட்டின் முதல் வடிவத்தை பீக்கோ-8 என்ற குட்டி விளையாட்டு மென்பொருளில் இரண்டே பேர் நான்கு நாளில் செய்து முடித்தார்கள். அதில் திரை 128-க்கு 128, நிறங்கள் 16. அங்கே எந்த அத்தையும் எழுப்பப்பட்டதாகத் தகவல் இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 15.6 அங்குல ஃபுல் எச்டி திரையில், ஜூம் செய்யாமல் பார்த்தால், அந்த வாள் மூன்று மில்லிமீட்டர்கூட வராது. 6400 சதவீதம் பெரிதாக்கித்தான் தம்பி அதை ஹாலுக்குக் கொண்டுவருகிறார். விளையாடப் போகிறவன் அதை அரக்கனிடமிருந்து தப்பி ஓடும்போது ஒரு நொடி பார்ப்பான்.

தம்பி, வாள் முடிந்துவிட்டது. கைப்பிடியும் நன்றாகவே இருக்கிறது, இரண்டு விதத்திலும். சேவ் செய்துவிட்டு, அதைப் பிடிக்கப்போகிற ஆளை வரைய ஆரம்பியுங்கள். அத்தை தூங்கட்டும்.