சுவரேறிச் சாம்பற்கூட்டான்: ஓர் ஆய்வின் முன்னுரைக்கு முன்னுரை

மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறங்களைப் பற்றி எழுதியவர்கள் கித்தா மரத்தை எழுதினார்கள், பெரட்டை எழுதினார்கள், 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதைக்கூட விட்டுவைக்கவில்லை. அதே தோட்டத்து வீடுகளின் சுவரில் உமி போல ஒட்டிக்கொண்டு, நாம் பார்க்காதபோது ஒரு சாண் நகர்ந்துவிடுகிற சாம்பல் கூட்டைப் பற்றி மட்டும் ஒரு வரி கிடையாது. இவ்வநீதியைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம். ‘இதுவரை எவரும் தொடாத துறை’ என்று தொடங்காவிட்டால் மாநாட்டில் மதிய உணவுச்சீட்டு தரமாட்டார்கள் என்பது துணைநோக்கம்.

பெயர்: பெரோய்கா யூட்டரெல்லா; கூட்டுக்குள் இருப்பது இந்த அந்துப்பூச்சியின் புழு. மேற்கிந்தியத் தீவுகளின் நுண்ணந்துகளை ஆராய்ந்த வால்சிங்காம் பிரபு 1897-இல் இதை விவரித்தார். 1888-இல் ஒரே நாளில் 1,070 குரௌஸ் பறவைகளைச் சுட்டவரும் இவரே. பூச்சியைச் சுட முடியாததால் பெயர் வைத்தார் போலும்.

தோற்றம் (வளர்ந்த அந்து): சாம்பல். முன்சிறகில் சில கரும்புள்ளிகள். சிறகு விரித்தால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். ஆண் இன்னும் சிறியது; அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

பரவல்: ஈரம் இருக்குமிடமெல்லாம். இதற்குக் காய்ந்த காற்று ஆகாது. மெர்லிமாவ், ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் குளியலறைச் சுவர், படிக்கட்டின் அடிப்பகுதி, சாமி அலமாரியின் பின்புறம் ஆகியவை சிறந்த களங்கள். தோட்டத்து லய வீட்டைக் காலிசெய்து தாமான் வீட்டுக்குப் போனவர்கள் பழைய அலமாரியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

செம்பனைக் காட்டில் இதற்கொரு தூரத்துப் பங்காளி உண்டு, மெட்டிசா பிளானா என்னும் கூண்டுப்புழு. அதன் பெண்ணுக்குச் சிறகே கிடையாது. கூண்டுக்குள்ளேயே முட்டையிட்டு அங்கேயே முடிந்துபோகும். ஓலையைத் தின்று தீர்த்ததால் 2013-இல் கூண்டுப்புழுக்களை அபாயப் பூச்சி என்று அரசிதழிலேயே போட்டார்கள். நம் வீட்டுச் சாம்பற்கூட்டானுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. காரணம் உணவு. இது தின்பது ஒட்டடை, உதிர்ந்த முடி, கம்பளி, சமயத்தில் தன் இனம் விட்டுப்போன பழைய கூடு. சுவரில் கிடைக்கும் மணல், தூசி, எறும்புக்கால் எல்லாவற்றையும் பட்டிழையால் ஒட்டி அதற்குள் ஒளிந்துகொள்கிறது. மேற்கோள்களால் ஆய்வேடு கட்டுவோர் இவ்விடத்தில் கோபிக்கலாகாது. புழு நூலையாவது சொந்தமாக நூற்கிறது.

இனி மையச் சிக்கல்: தலை எந்தப் பக்கம்? கூட்டின் இரு முனையும் ஒன்றுபோலத் திறந்திருக்கும். புழு உள்ளுக்குள்ளேயே திரும்பி, விரும்பிய வாசலில் தலையும் மூன்று இணைக் கால்களும் நீட்டி, கூட்டை இழுத்துக்கொண்டு நடக்கும். ஆக, முன் எது, பின் எது? மேல்லயத்துக் கொள்கைப்படி, எந்தப் பக்கம் நகர்கிறதோ அதுவே முன் (ஆயா, வாய்மொழி). கீழ்லயத்தார் இதை மறுத்து, எந்தப் பக்கம் நகரவில்லையோ அதுவே பின் என்கின்றனர் (அதே ஆயா, வெற்றிலை போட்ட பிறகு). இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டவரை இரு தரப்பும் சேர்ந்து அரங்கைவிட்டு வெளியேற்றின. நடுநிலைச் சான்றாக ஒரு கள ஆவணம் உண்டு (கிராணி வீட்டு அடுப்பங்கரை, கிழக்குச் சுவர், கேஸ் தோம்புக்குப் பின்னே, தரையிலிருந்து இரண்டாம் ஆணி, பார்த்தது மின்சாரம் போயிருந்தபோது, திருத்திய பதிப்பு, மின்சாரம் வந்தபின், கூட்டைக் காணவில்லை). முடிவாக ஆயாவிடமே போனோம்.

“ஆயா, இதுக்குத் தலை எந்தப் பக்கம்?”

“வெளக்குமாறு படாத பக்கம்யா.”

இவ்விடைக்கு மூன்று உரைகள் எழுதப்பட்டு, மூன்றும் ஒன்றையொன்று மறுத்து வெளிவந்துள்ளன.

வாழ்க்கைச் சுற்று: முட்டை முதல் அந்து வரை ஏறக்குறைய இரண்டரை மாதம். தீபாவளிக்கு ஒட்டடைக்கம்பு போட்ட வீட்டில் தைப்பூசத்துக்குள் மறுபடி கூடு தொங்குவது இதனால்தான். தெய்வக் குற்றம் என்ற பழைய கருத்தைக் கைவிடலாம். சுவரிடுக்கில் ஒட்டியிருந்த முட்டை துடைப்பத்துக்குத் தப்பியிருக்கும். வளர்ந்த புழு சுவரேறி, கூட்டை இழையால் கட்டிவைத்து, ஒரு முனையைத் தட்டையாக்கி மூடி போலச் செய்துகொள்ளும். அந்து வெளியேறுவது அவ்வழியாகத்தான். அது உரித்த தோல் பாதி வெளியே நீட்டியபடி வாசலிலேயே தொங்கும்.

ஆக, கடைசியில் ஒரு முனைதான் வாசல் என்று பூச்சியே தீர்ப்பளித்துவிட்டது. அன்று மாலையே மேல்லயத்தாரும் கீழ்லயத்தாரும் தத்தம் கொள்கை நிரூபிக்கப்பட்டதாக அறிக்கை விட்டு, தனித்தனியே பொன்னாடை போர்த்திக்கொண்டனர்.