முப்பது அடி வட்டம்

2017 வரை பொறியியல் கவுன்சிலிங் என்றால் சென்னைக்குப் போவது. தபாலில் அழைப்புக் கடிதம் வரும். அதைக் காட்டினால் அரசுப் பேருந்தில் மாணவருக்கும் கூட வரும் ஒருவருக்கும் பாதிக் கட்டணம். ஜவ்வாது மலைப் பிள்ளைகள் முதல் நாளே ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறி, போளூரில் இறங்கி, ஆரணி, காஞ்சிபுரம் வழியாக ராத்திரி கோயம்பேடு சேர்வார்கள். நிலையத்திலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டு விடியற்காலையில் கிண்டிக்குக் கிளம்புவார்கள். மலையில் ஓர் அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. அப்பா அம்மாவுக்குச் சென்னை பழக்கமில்லை என்று தயங்கும் பிள்ளைகளுக்குத் துணையாகப் பல வருடம் நானும் போயிருக்கிறேன்.

அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் அந்த நாட்களில் நடக்க இடம் இருக்காது. ஒரு பக்கம் வங்கிகளின் கல்விக் கடன் மேசைகள். இன்னொரு பக்கம், எந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்தில் எத்தனை இடம் மிச்சம் என்று மாறிக்கொண்டே இருக்கும் திரைகள். வாசலுக்கு வெளியே கல்லூரிகளின் துண்டுப் பிரசுரங்களோடு ஆட்கள் நிற்பார்கள். கையைப் பிடித்து இழுக்காத குறைதான். நம்மைக் கூப்பிட்டதும் உள்ளே போய் கணினிக்கு முன் உட்கார வேண்டும். இருக்கிற இடங்களைக் காட்டுவார்கள். சில நிமிடங்களில் முடிவு சொல்லியாக வேண்டும். சொன்னால் ஒதுக்கீட்டு ஆணை அச்சாகிக் கைக்கு வந்துவிடும்.

அந்தச் சில நிமிடத்தை விட, அதற்கு முந்தைய நாலைந்து மணி நேரம்தான் எங்கள் பிள்ளைகளுக்கு உதவியது. மரத்தடியில் காத்திருக்கும்போது யாரோடாவது பேச்சு தொடங்கிவிடும். ஒரு வருடம் புதுக்கோட்டைப் பக்கத்து அம்மா ஒருவர் எங்களுக்கும் புளிசோறு பிரித்துக் கொடுத்துவிட்டு, எங்கள் பையன் கையிலிருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தார். அவருடைய மூத்த மகள் அப்போது மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். "காலேஜ் பேர வச்சு எடுக்காதீங்க தம்பி. ஒரே மாதிரி பேருல நாலஞ்சு இருக்கு. கோடு நம்பரப் பாத்து எடுங்க. ஹாஸ்டல் இருக்கா, பஸ்ஸுக்குத் தனியா எவ்வளவு கேக்குறாங்க, அதக் கேட்டுக்கங்க" என்றார். பையனின் அப்பா அந்த இடத்திலேயே பேனா வாங்கி இரண்டு கல்லூரிகளை அடித்துவிட்டார். முன்பின் தெரியாத அந்த அம்மா சொன்ன தகவலுக்கு எந்தக் கையேட்டிலும் இடம் இருந்ததில்லை.

2018-ல் கவுன்சிலிங் இணையத்துக்கு மாறியது. தரவரிசைப்படி மாணவர்களை 5 சுற்றாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்திப் பதிவு செய்ய 3 நாள். பிறகு தற்காலிக ஒதுக்கீடு. அதைக் கெடுவுக்குள் உறுதி செய்ய வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம் என்று அறிவித்தார்கள். நல்ல மாற்றம் என்றே அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். கூலி வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்துக்கு இரண்டு நாள் சம்பளமும் பஸ் செலவும் மிச்சமாவது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் எங்கள் மலையில் அப்போது பல ஊர்களில் வீட்டிலிருந்து இணையத்தைத் தொட முடியாது. சாமை விதைக்கும் சரிவுகளுக்கு நடுவே பத்து வீடு இங்கே, இருபது வீடு அங்கே என்று இருக்கும் ஊர்கள். டவர் இருந்தது ஜமுனாமரத்தூர்ப் பக்கம். ஒரு மேடு குறுக்கே வந்தாலே சிக்னல் அறுந்துவிடும். உதவி மையங்கள் சமவெளியில். சென்னைக்குப் போகும் பயணம் நின்றதே தவிர, பயணம் நிற்கவில்லை. சிக்னலைத் தேடி மேடேறும் பயணமாக அது மாறியது. பாதிக் கட்டணச் சலுகை இல்லாத பயணம்.

அந்த வருடம்தான் உள்ளங்கையில் அடங்கும் ரவுட்டர் ஒன்றை வாங்கினேன். ஜியோ சேவை 2016 செப்டம்பரில் வந்த பிறகு ஜியோஃபை என்ற பெயரில் கடைகளில் பரவலாகக் கிடைத்த வகை. உள்ளே ஒரு சிம், ஒரு பேட்டரி. பின்மூடியைக் கழற்றினால் பேட்டரிக்கு அடியில் பாஸ்வேர்டு அச்சிட்ட ஒட்டுத்தாள். ஒரு பக்கம் செல்போனைப் போலவே டவரோடு பேசும். மறுபக்கம் சுற்றியிருக்கும் பத்துக் கருவிகளுக்கு வைஃபை கொடுக்கும். எங்கள் பிள்ளைகளிடம் அரசு கொடுத்த இலவச மடிக்கணினி இருந்தது. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டம் மலை வரைக்கும் கணினியைக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. அதற்குள் இணையம் மட்டும் வந்திருக்கவில்லை.

செல்போனிலேயே ஹாட்ஸ்பாட் போடலாமே என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். சமவெளியில் போடலாம். மலையில் ரவுட்டரின் பெரிய லாபம் வேறு: சிக்னல் இருக்கும் இடத்தில் அதை வைத்துவிட்டு, நாம் உட்காரக்கூடிய இடத்தில் உட்காரலாம். சிக்னல் இருப்பது பெரும்பாலும் ஓட்டுக்கு மேலே, பலாமரக் கிளையில், பாறை உச்சியில். செல்போனை அங்கே கட்டிவிட்டால் அழைப்பு வரும்போது யார் ஏறி எடுப்பது?

ரவுட்டரோடு போன முதல் ஊரில் ஒரு மூங்கில் கழி கிடைத்தது. ரவுட்டரைப் பவர் பேங்கோடு சேர்த்துப் பால் கவரில் சுற்றி, வாயை ரப்பர் பேண்டால் கட்டி, கழி நுனியில் வைத்து நிறுத்தினோம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை மடிக்கணினியில் திறந்தால் சிக்னலின் பலம் எண்ணாகத் தெரியும். தரையில் இருந்தபோது மைனஸ் 115. அந்த நிலையில் பக்கம் பாதி திறக்கும், பாதியில் நிற்கும். கழியை மெதுவாக உயர்த்த உயர்த்த எண் இறங்கி மைனஸ் 105-க்கு வந்தது. "பத்துதானே டீச்சர் கொறஞ்சிருக்கு?" என்று ஒரு பெண் கேட்டாள். டெசிபல் கணக்கில் பத்து என்றால் பத்து மடங்கு சக்தி என்று அங்கேயே மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினேன். மடக்கை எதற்கு என்று வகுப்பில் கேட்டுக்கொண்டிருந்தவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அலைவரிசையும் முக்கியம். 850 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், இலைதழைகளை ஓரளவு ஊடுருவும். 2300 வேகம் கொடுக்கும், ஆனால் மரம் குறுக்கிட்டாலே சோர்ந்துவிடும். கவுன்சிலிங் நடப்பது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில். மாலையில் மழை பெய்து இலையெல்லாம் நனைந்துவிட்டால் அந்தத் தண்ணீரே அலையை உறிஞ்சும். அதனால் காலை வேளையில் வேலையை முடிக்கப் பழகிக்கொண்டோம்.

ரவுட்டரை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். சில ஊர்களுக்கு மினி பஸ், சில ஊர்களுக்குப் பால் வண்டி, மீதிக்கு நடை. போகும் வழியில் எங்கே சிக்னல் எட்டுகிறது என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கோயில் மேடை, ரேஷன் கடைத் திண்ணை, ஒரு வளைவில் நிற்கும் புளியமரம் என்று மலைக்கு இன்னொரு வரைபடம் அந்த நோட்டில் உருவானது.

இணையம் கிடைத்ததும் வேலை முடிந்துவிடாது. ஓடிபி இருக்கிறது. பதிவு செய்த எண் பெரும்பாலும் அப்பாவுடையது. அப்பா காப்பித் தோட்ட வேலைக்குக் கர்நாடகா போயிருப்பார். ரவுட்டரில் இணையம் வரும், நேரடியாகப் பேச முடியாது. ஒருவன் போனை எடுத்துக்கொண்டு பேச்சுச் சிக்னல் வரும் பாறைக்கு ஓடுவான். அங்கிருந்து அப்பாவைக் கூப்பிட்டு, வந்திருக்கும் எண்களைப் படிக்கச் சொல்வான். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அப்பா, தோட்டத்து மேஸ்திரியிடம் போனைக் கொடுத்துப் படிக்க வைத்தார். மேஸ்திரி கன்னடத்தில் சொல்ல, அவர் தமிழில் திருப்பிச் சொல்ல, பாறையில் நின்றவன் விரல் நீட்டிக் காட்ட, கீழே அவன் தங்கை தட்டினாள். நேரம் முடிந்துபோனது. மறுபடி அனுப்பச் சொல்லி மறுபடி அதே வரிசை. இரண்டாம் முறை உள்ளே போனோம். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பிள்ளை அவன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சில நிமிடத்தில் ஆணை வாங்கிய காலத்தில் இவ்வளவு பேர் தேவைப்படவில்லை.

ரவுட்டரின் வைஃபை எட்டும் தூரம் வெளியே முப்பது அடி என்று வைத்துக்கொள்ளலாம். கழி உயரத்தையும் கழித்தால் இன்னும் குறையும். அதைத் தாண்டினால் இழுக்காது. ஆகவே எல்லாரும் அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்தாக வேண்டும். அங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஒருத்தி தன் பட்டியலைத் தட்டும்போது பக்கத்தில் இருப்பவள் எட்டிப் பார்க்கிறாள். "ஏய், இது வேற காலேஜ். கோட பாரு" என்கிறாள். இன்னொருவன், கட்ஆஃப் 200-க்குத் தனக்கு எவ்வளவு, போன வருடம் பழங்குடியினர் பிரிவில் அந்தக் கல்லூரி எதில் முடிந்தது என்று சத்தமாகப் படிக்கிறான். பழங்குடியினருக்கு இருப்பது 1 சதவீத இடம். அந்த ஒன்றில் வரிசையைச் சரியாகப் போடுவதுதான் எல்லாம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். "டீச்சரம்மா, அங்க ஹாஸ்டல் சோறு எப்படி?" "வருசத்துக்கு எவ்ளோ கட்டணும்?" கிண்டி மரத்தடியில் நடந்த பேச்சு கழிக்கு அடியிலும் நடந்தது.

2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 சதவீத இடம் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிச் செலவு இரண்டையும் அரசே ஏற்கும் என்றும் அறிவித்தார்கள். இந்தச் செய்தி தொலைக்காட்சியில் வந்தது, செய்தித்தாளில் வந்தது. ஆனால் "அப்ப நாம கடன் வாங்க வேணாமா?" என்று ஒரு தகப்பனார் எழுந்து நின்று கேட்டது அந்த வட்டத்தில்தான். மகளை வேலைக்கு அனுப்ப முடிவு செய்துவிட்டு, வேடிக்கை பார்க்க வந்தவர் அவர். அன்றைக்கே மகளின் பட்டியலையும் போட்டோம்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. சில ஊர்களுக்கு டவர் வந்துவிட்டது. பிள்ளைகள் கையில் போன், போனில் தினம் ஒன்றரை ஜிபி. சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில், கையகலத் திரையில், தனியாகப் பட்டியல் போடுகிறார்கள். பெயர் ஒத்துப்போகிறது என்று கோடு பார்க்காமல் சேர்த்துவிட்டு, ஒதுக்கீடு வந்த பிறகு அழுதுகொண்டே வந்த பிள்ளையைப் பார்த்தேன். அவள் போனில் சிக்னல் நான்கு கோடு இருந்தது. தப்பைச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. சென்னை போயிருந்தால் யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்கள். டவர் இல்லாமல் இருந்திருந்தால் எங்கள் வட்டத்துக்கு வந்திருப்பாள். இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டாள். அதை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

அதனால் டவர் வந்த ஊருக்கும் ரவுட்டரோடுதான் போகிறேன். "எங்கிட்டயே நெட் இருக்கு டீச்சர்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். மடிக்கணினியை இதில் இணைத்துப் பெரிய திரையில் பார் என்று உட்கார வைக்கிறேன். வட்டம் சேர்ந்துவிடுகிறது. முன்பு கழியின் கீழ் பட்டியல் போட்டுப் போனவர்களில் சிலர் ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை எடுத்து வருகிறார்கள். வேலையில் சேர்ந்துவிட்ட ஒருத்தி, தன் கல்லூரியில் எந்த ஆய்வகம் நன்றாக இருக்கிறது, எந்தத் துறையில் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்கள் என்று ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறாள். எந்த இணையதளத்திலும் அது இல்லை.

ஒரு மலைப் பள்ளிக்கு ஒரு ரவுட்டர், பள்ளியின் பெயரில் ஒரு சிம், கவுன்சிலிங் நாட்களில் ஊர்களுக்குப் போய்வர ஓர் ஆசிரியருக்குப் பணி அனுமதி. இவ்வளவுதான் நான் கூட்டங்களில் கேட்டுக்கொண்டிருப்பது. இதற்குப் பெரிய நிதி வேண்டாம். இதுவரை ரீசார்ஜ் என் சம்பளத்திலிருந்து போனது. இந்த வருடம் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்றுக்கொண்டது. பழைய பேட்டரி உப்பிவிட்டதால் அதையும் அவர்களே மாற்றித் தந்தார்கள். அடுத்த சுற்றுக்குப் போகவேண்டிய ஊர்களின் பட்டியலை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். எந்த ஊரில், எந்த நாள், காலை எத்தனை மணிக்கு, எந்த மரத்தடியில் என்று எல்லாம் அதில் இருக்கிறது.